புள்ளி உதிர்ந்த எழுத்து: உயிர்வளியும் ஆர்.என்.ஏ-வும்



மொழியியலில் ஆய்வு செய்து, மொழியியலையே கற்பித்து ஓய்வுபெற்ற நமக்கு உயிர்வேதியியல் தலைப்பில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வினவுவது முறைதான். அதற்கு விடை கூறிவிட்டே பொருளுக்குள் நுழைய வேண்டும்.

ஜாசின் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நம் பழைய மாணவர். அவரிடம் பயின்ற சிறுமி இப்போது பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்கிறாள். விடுமுறைக்கு வீடு வந்தவளிடம், நாற்பது ஆண்டுக்காலம் பால்மரம் சீவிய அவளுடைய பாட்டி, அங்கே என்ன படிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதை, மலாயில் சற்றே தயங்கிச் சொல்லக்கூடியதை, தமிழில் அவளால் தொடங்கவே இயலவில்லை. அவள் தன் ஆசிரியரிடம் சென்றாள். ஆசிரியர் நம்மிடம் வந்தார். நான்கு கலைச்சொற்கள் வேண்டும் என்றார். அன்றிரவே நான்கையும் ஆக்கி அனுப்பிவிட்டோம். மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து மறுமொழி வந்தது: “ஐயா, சொற்கள் நன்றாக உள்ளன. ஆனால் இவை எதைக் குறிக்கின்றன என்று பாட்டி கேட்டால் என்ன சொல்வது?”

நமக்கு விடை தெரியவில்லை. பொருள் அறியாமல் சொல் ஆக்கியிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கலைச்சொல்லாக்கம் பற்றி வகுப்பெடுத்த நமக்கு இது சிறிய தலைகுனிவு அன்று. அதன்பின் எட்டுத் திங்கள் இப்பொருளையே படித்தோம். அந்தப் பாட்டிக்குச் சொல்லத்தக்க விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

பாட்டிக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். 1896-இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் அங்கிருந்துதான் தொடங்கியது என்று வரலாறு எழுதுவோர் குறிப்பர். நம் பெற்றோரும் அவர்தம் பெற்றோரும் கப்பலேறி வந்தமைக்கு அந்தச் செடிகள் ஒரு காரணம். இன்று அவ்விடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. எனினும் உளி, மங்கு, ஒட்டுப்பால், நிரை என்னும் சொற்களைக் கேட்டால் நம் வீடுகளில் முதியவர் முகம் மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மங்கில் வடிந்த பால் வெண்மையாக இருக்கும். காற்றுப்படக் கிடந்தால் பழுப்பேறும். பாலில் உள்ள ஒரு நொதி, அதே பாலில் உள்ள பீனால் வகைப் பொருள்களோடு காற்றின் உயிர்வளியைச் சேர்த்துவிடுவதே இதற்குக் காரணம். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இவ்வகை வினையாலேயே. வெளிர்நிறத் தாள் வேண்டிய ஆலைகளில் சோடியம் பைசல்பைட்டு சேர்த்து இந்த நிறமாற்றத்தைத் தடுத்தனர். ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்த ரப்பர் வளையம் பிசுபிசுத்து அறுந்துபோவதும் உயிர்வளியின் வேலைதான். ஆக, ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு உயிர்வளியேற்றம் புதிய செய்தியன்று. அதன் பெயர்தான் புதிது.

பாட்டிக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. அளவுக்கு மீறிச் சீவப்பட்ட மரம் ஒருநாள் பால் தராமல் நின்றுவிடும். பட்டை நலமாகவே தோன்றும். உளி வைத்தால் கோடு உலர்ந்திருக்கும். ஓய்வில்லாமல் சீவுவதாலும், பால் பெருக்கும் மருந்தை மிகுதியாகப் பூசுவதாலும் பால்குழாய்களின் உயிரணுக்களில் வீரியமிக்க உயிர்வளி வகைகள் பெருகுகின்றன. அவற்றை அடக்கும் பொருள்கள் குறைகின்றன. பாலில் மிதக்கும் லுட்டாய்டு என்னும் நுண்பைகளின் உறை கிழிகிறது. பால் குழாய்க்குள்ளேயே உறைகிறது. மரத்தின் இந்நோய்க்கு ஆய்வாளர் தரும் முதன்மையான விளக்கம் இது. மனிதர் உடலிலும் ஈஸ்ட்டிலும் பேசப்படும் அதே நெருக்கடி நம் நிரையில் நின்ற மரத்திலும் நிகழ்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வியப்பைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ரப்பர்ப்பால் வெறும் பசையன்று. அது பால்குழாய் உயிரணுக்களின் உயிர்ச்சாறு. அதில் ரைபோசோம்களும் ஆர்.என்.ஏ-வும் உண்டு. ரப்பர் மரத்தின் மரபணுக்களை ஆராய்வோர் பாலிலிருந்தே ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுக்கின்றனர். பாட்டி வாளியில் சுமந்தது அதுவும்தான்.

இனி உயிர்வளியைப் பற்றிச் சிறிது. நாம் மூச்சுவிடும் உயிர்வளி உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று, அங்கே மின்னணுக்களை ஏற்று நீராகிறது. அதனால்தான் நமக்கு ஆற்றல் கிடைக்கிறது. அந்த வழியில் சில மின்னணுக்கள் சிந்துகின்றன. சிந்தியதை ஏற்ற உயிர்வளி சூப்பர் ஆக்சைடு ஆகிறது. அதிலிருந்து ஹைடிரசன் பெராக்சைடு வருகிறது. இரும்பு அருகில் இருந்தால் அதிலிருந்து ஹைடிராக்சில் உறுப்பு என்னும் கொடியது பிறக்கிறது. இவற்றைத் தணிக்கும் நொதிகள் நமக்கு உண்டு. பிறப்பு மிகுந்து தணிப்புக் குறையும் நிலையையே உயிர்வளியேற்ற நெருக்கடி என்கிறோம். அடுப்பில் தீ வேண்டும், கூரையில் கூடாது. அவ்வளவே.

அந்தத் தீப்பொறி எதன்மேல் விழுகிறது? கொழுப்பின்மேல், புரதத்தின்மேல், டி.என்.ஏ-வின்மேல் என்று பாடநூல்கள் எழுதும். ஆர்.என்.ஏ-வின்மேலும் விழும் என்பதை அறிவியலார் பின்னர்தான் பெரிதாக எண்ணத் தொடங்கினர். ஆர்.என்.ஏ பெரும்பாலும் ஒற்றை இழை, டி.என்.ஏ-வைப் போல் மற்றோர் இழையின் அணைப்பு அதற்கு முழுமையாக இல்லை. உட்கருவின் காவலுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவுக்கு அருகிலும் அது உலவுகிறது.

ஆர்.என்.ஏ-வின் எழுத்துகள் நான்கு என்று பள்ளியில் கற்பிக்கிறோம்: அடினைன், குவானைன், சைட்டோசின், யுராசில். இப்பேச்சில் இவற்றை அ, கு, சை, யு என்றே சுருக்கிக் கொள்வோம். நான்கு என்பது உண்மையில் தொடக்கம்தான். 1950-களிலேயே ஐந்தாவது ஒன்று கண்டறியப்பட்டது. போலி யுரிடின் என்று அதற்குப் பெயர். இராபர்ட் ஹாலி 1965-இல் ஈஸ்ட்டின் அலனைன் கடத்து ஆர்.என்.ஏ-வை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தபோது, 77 எழுத்து நீளமுள்ள அச்சிறு தொடரிலேயே நால்வகையில் அடங்காத எழுத்துகள் பல இருந்தன. 1968-இல் ஹாலியும், பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவும், மார்ஷல் நிரன்பர்க்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று ஆர்.என்.ஏ-வில் 150-க்கும் மேற்பட்ட இத்தகைய எழுத்து வேறுபாடுகள் அறியப்பட்டுள்ளன.

இவ்வேறுபாடுகள் எவ்வாறு வருகின்றன? முதலில் வெறும் நான்கெழுத்தில் ஆர்.என்.ஏ எழுதப்படுகிறது. பிறகு நொதிகள் ஒவ்வொன்றாக வந்து, குறித்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டுகின்றன. ஒரு கந்தக அணுவை வைக்கின்றன. எழுத்து அதே எழுத்து. அதன்மேல் ஓர் அடையாளம் ஏறுகிறது. இதனை முதன்முதலில் படித்தபோது நமக்குத் தோன்றியது புள்ளிதான்.

தமிழ் மாணவர்களுக்குப் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பழைய எழுத்துமுறையைச் சிலர் அறிந்திருக்க மாட்டீர்கள். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதோடு, எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து முறை. புள்ளியிட்டால் எகரம் குறில், இடாவிட்டால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடெழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ‘ஊரில் எரி கண்டேன்’ என்பதும் ‘ஊரில் ஏரி கண்டேன்’ என்பதும் ஏட்டில் ஒரே வரியாக நிற்கும். நெருப்பா நீரா என்பதை ஒரு புள்ளி முடிவு செய்கிறது. வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார் என்று கூறப்படும் சீர்திருத்தத்தின் அருமை அப்போதுதான் விளங்கும்.

(இடையில் ஒரு சொந்தச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் நம் கட்டுரை ஒன்று அச்சகம் சென்று, கணினியில் எழுத்துரு மாற்றப்பட்டபோது, புள்ளிகள் அனைத்தும் உதிர்ந்து வந்தன. மெய்ப்புப் பார்த்த இரவில் ஏடு பதிப்பித்தோர் பட்ட பாட்டை நாமும் கொஞ்சம் பட்டோம்.)

உயிரணுவின் புள்ளி எங்கே மிகுதி? கடத்து ஆர்.என்.ஏ-வில். இச்சிறு மூலக்கூறு தூது ஆர்.என்.ஏ-வின் எழுத்தை மும்மூன்றாக வாசித்து, அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தூதின் மூவெழுத்தைக் குறியம் என்போம். அதனோடு பொருந்தும் கடத்தியின் மூவெழுத்தை எதிர்க்குறியம் என்போம். லைசின் என்னும் அமினோ அமிலத்துக்குக் குறியம் இரண்டு: அ-அ-அ, அ-அ-கு. அவற்றுள் முதலாவதை வாசிப்பதற்கென உள்ள கடத்தியின் எதிர்க்குறியம் யு-யு-யு. இம்மூன்றில் முதல் யு-வின்மேல்தான் நாம் கண்வைக்க வேண்டும். அதில் ஓரிடத்தில் இயல்பாக இருக்க வேண்டிய உயிர்வளி அணுவை அகற்றிவிட்டு, உயிரணு ஒரு கந்தக அணுவை வைத்திருக்கிறது.

ஏன் கந்தகம்? ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே அது நீண்ட இழைகளுக்கிடையே பாலமாகிறது. இங்கே வேலைமுறை வேறு. ஆனால் பயன் சற்றே ஒத்தது. கந்தகம் ஏறிய யு தளர்வின்றி நிற்கிறது. எதிரே வரும் அ-வை உறுதியாகப் பற்றுகிறது.

இவ்வகைக் குறிகள் வாசிப்பில் என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் காண்பதுபோல் காட்டியவர்களில் ஒருவர் தமிழர். நாம் மொழியியல் பயின்ற சிதம்பரத்தில் 1952-இல் பிறந்து, சிறு வயதிலேயே பரோடா சென்று, பின் அமெரிக்காவிலும் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றிய வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அதா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 2004-இல், பால் ஆக்ரிஸ் முதலியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று லைசினின் இந்த யு-யு-யு எதிர்க்குறியத்தையே எடுத்துக்கொண்டது. குறிகள் ஏறிய எதிர்க்குறியம் ரைபோசோமின் சிறு துண்டில் எவ்வாறு அமர்கிறது என்பதைப் படிகங்களின்வழி அது காட்டியது. குறிகள் இன்றி அந்த மூன்று யு-க்களால் நிலைத்து நின்று வாசிக்க இயலவில்லை. நோபல் பரிசு பெற்ற தமிழர் என்று அவர் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அவர் கண்டது என்ன என்று நான்கு வரி தமிழில் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறோமா?

இப்போது ஹைடிரசன் பெராக்சைடு வருகிறது. போலந்தின் லோட்ஸ் நகர வேதியியலார் இதனை ஆய்வுக்குழாயில் படிப்படியாகப் பார்த்திருக்கின்றனர். பெராக்சைடு கந்தகத்தைத் தாக்குகிறது, கந்தகம் கழன்றுவிடுகிறது. கழன்றபின் இரண்டிலொன்று நிகழும். பழைய உயிர்வளி தன் இடத்தைப் பிடித்து, குறியேறாத பழைய யு மீளலாம். அல்லது அவ்விடத்தில் வெறும் ஹைடிரசன் நின்று, யு-வும் அல்லாத, கந்தக யு-வும் அல்லாத புதிய எழுத்து ஒன்று உண்டாகலாம். அந்தப் புதிய எழுத்து அ-வைவிடக் கு-வையே விரும்பிச் சேர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நன்னூல் படித்த மாணவர்கள் இதற்குள் ஒன்றை உணர்ந்திருப்பீர்கள். புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். நொதி கந்தகத்தை ஏற்றுவது தோன்றல். பெராக்சைடு அதனை நீக்க, பழைய யு நிற்பது கெடுதல். புதிய எழுத்தாவது திரிதல். நாம் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மூலக்கூறு உயிரியல் நன்னூலில் உண்டு என்று நாளை எவரேனும் எழுதினால் முதலில் மறுப்பவர் நாமாகவே இருப்போம். பவணந்தியார் சொன்னது எழுத்தைப் பற்றி. ஆனால் எழுத்துக்கு நேரும் மாற்றங்களை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்க்கப் பழகிய மொழியில் இந்த வேதியியலை விளக்கச் சொல் இல்லை என்பது பொருந்தாக் கூற்று.

புள்ளி உவமை நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே அதனை ஐயுற வேண்டும். இரண்டு இடங்களில் அது பிழைபடுகிறது.

முதலாவது: புள்ளியில்லாத ஏட்டை வாசித்த புலவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் எத்தனை ஏடுகளை ஒப்புநோக்கினார் என்பது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. யாப்பு உதவும், உரை உதவும், முன்வரி உதவும். ரைபோசோமுக்கு முன்வரி தெரியாது. தன் பிடியில் உள்ள மூன்றெழுத்தே அதற்கு உலகம். எரியா ஏரியா என்று நின்று எண்ண அதற்கு மனம் இல்லை.

இரண்டாவது பிழை நுட்பமானது. நாம் நெடுநாள் இதில் தவறியிருந்தோம். புள்ளி போனால் சொல் மாறும்; ஆகவே கந்தகம் போனால் புரதத்தில் அமினோ அமிலம் மாறிவிடும் என்று எண்ணினோம். லைசினில் அவ்வாறு நிகழ வேண்டியதில்லை. அ-அ-அ ஆனாலும் அ-அ-கு ஆனாலும் இரண்டும் லைசினே. அப்படியானால் கேடு எங்கே? வேகத்தில். 2015-இல் நெதியால்கோவா, லைடல் என்னும் இருவர் ஈஸ்ட்டிலும் ஒரு சிறு புழுவிலும் இதனை ஆராய்ந்தனர். கந்தகம் முதலிய குறிகள் ஏறாத உயிரணுக்களில் ரைபோசோம் சில குறியங்களில் தடுக்கி நின்றது. புரதம் என்பது எழுதி முடித்தபின் மடிப்பதன்று. வெளிவரும்போதே மடிந்துகொண்டு வருவது. தடுக்கி நின்ற நேரத்தில் மடிப்புக் குலைந்தது. குலைந்த புரதங்கள் திரண்டு கட்டிகளாயின. ஒரு சொல்லும் தவறவில்லை. இருந்தும் வாசகம் கெட்டது. வாசிப்புப் பாடத்தில் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று படிக்கும் பிள்ளைக்கு, வரி முடியும்போது வரியின் தொடக்கம் நினைவில் இருப்பதில்லை. ஆசிரியர்கள் தலையசைப்பது தெரிகிறது.

உண்மையாகவே சொல் மாறும் இடமும் உண்டு. குறியன்றி எழுத்தே தாக்கப்படும் நிலை அது. குவானைனோடு உயிர்வளி சேர்ந்தால் அது சைட்டோசினோடு மட்டுமன்றி அடினைனோடும் சேரத் தொடங்குகிறது. அதனை ஆக்சோகுவானைன் என்பர். இது தனிப்பெருங்கதை, இன்று தொடவில்லை.

இதுவரை சிதைவைப் பேசினோம். எல்லா மாற்றமும் சிதைவன்று என்பதையும் சொல்லாவிட்டால் உங்களைத் தவறாக வழிநடத்தியவர் ஆவோம். பீட்டர் டீடன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலும் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரிலும் ஆய்வுக்குழு நடத்துபவர். அவரும் கூட்டாளிகளும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்டுக்குப் பெராக்சைடு கொடுத்தபோது லியூசின் கடத்தி ஒன்றில் ஒரு மெத்தில் குறி குறையவில்லை, கூடியது. கூடியதால், அந்தக் கடத்தி வாசிக்கும் குறியம் மிகுந்த செய்திகள் முன்னிலும் விரைவாக வாசிக்கப்பட்டன. நெருக்கடியில் எந்தப் புரதம் வேண்டுமோ அது முந்திக்கொள்ள வழி பிறந்தது. அதாவது ஒரே நெருக்கடியில் உயிர்வளி சில குறிகளை அழிக்கிறது; உயிரணு சில குறிகளைத் தானே வேண்டுமென்று ஏற்றுகிறது. பழைய ஏட்டில் புள்ளி இல்லாவிட்டால், எழுதியவர் விட்டதா, பூச்சி அரித்ததா என்று பதிப்பாசிரியர் பிரித்தறிய வேண்டும். ஆர்.என்.ஏ ஆய்வாளருக்கும் இதுவே பெரும்பாடு.

பாட்டி அடுத்து என்ன கேட்பார் என்பது நமக்குத் தெரியும். ‘இதனால் யாருக்கு என்ன?’ என்பார். விடை அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் குப்பியாக இருக்கக்கூடும். 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மற்றவர்களைவிட மிகுதி. இதற்கு உணவும் உழைப்பின்மையும் மரபும் எனப் பல காரணங்கள். அவற்றுள் மரபு என்னும் கிளையில் நம் பொருள் வந்து சேர்கிறது. 2007-இல் பல நாட்டு மக்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது சி.டி.கே.ஏ.எல்.1 என்னும் மரபணுவின் சில வகைகள் இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. அம்மரபணு என்ன வேலை செய்கிறது என்று தேடியபோது, அதுவும் லைசின் கடத்தியிடமே கொண்டுபோய் விட்டது. அக்கடத்தியின் எதிர்க்குறியத்தை அடுத்து நிற்கும் அ-வின்மேல் கந்தகமும் மெத்திலும் சேர்ந்த ஒரு குறியை ஏற்றும் நொதியை அது தருகிறது. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களில் மட்டும் அந்நொதி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தனர். லைசின் குறியம் பிழையாக வாசிக்கப்பட்டது. முன்னிலை இன்சுலின் செப்பமான இன்சுலினாக மாறுவது குன்றியது. எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை.

இங்கே குறி போனது மரபுக் குறையால், உயிர்வளியால் அன்று. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் இத்தகைய குறிகளை ஏற்றும் நொதிகள் தம் நடுவில் இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு கொத்தை வைத்திருக்கின்றன. அக்கொத்து உயிர்வளிக்கு எளிதில் இரையாவது. எழுத்தின் புள்ளியை மட்டுமன்று, புள்ளியிடும் எழுத்தாணியையும் துரு தின்னக்கூடும் என்று பாட்டிக்குச் சொல்லலாம்.

உடனே ஒரு தடுப்பு. இரவுச் சந்தையில் உயிர்வளியேற்றத் தடுப்பு என்று குப்பியில் எழுதி விற்கும் மாத்திரைகளுக்கு இப்பேச்சு விளம்பரமாகிவிடக் கூடாது. 1994-இல் பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைப்பிடிக்கும் ஆடவரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. கீரையும் பழமும் உண்ணுங்கள். மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

வேதிக்குறிகள் மனிதர்க்கு நேரடியாகப் பயன்பட்டதையும் நீங்கள் உங்கள் தோளில் ஏற்றிருக்கிறீர்கள். 2021-இல் நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசியின் தூது ஆர்.என்.ஏ-வில் யு-வுக்கு மாற்றாக மெத்தில் ஏறிய போலி யுரிடின் இருந்தது. குறியேறாத ஆர்.என்.ஏ-வை உடல் பகையென்று எதிர்க்கும். குறியேறியதைப் பெரிதும் எதிர்க்காது என்று கத்தலின் கரிக்கோவும் துரூ வைஸ்மனும் 2005-இல் காட்டினர். 2023-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனிச் சொற்களுக்கு வருவோம். நாம் முதலில் அனுப்பிய நான்கில் இரண்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். எழுத்துமேல் ஏறும் வேறுபாட்டுக்கு ‘மாற்றம்’ என்று எழுதியிருந்தோம். மரபணுவின் எழுத்தே மாறுவதைத் தமிழ்நாட்டில் சடுதிமாற்றம் என்பர். மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். எனவே வேதிக்குறி என்று மாற்றினோம். நெருக்கடி என்று இப்போது கூறுவதற்கு முன்பு ‘அழுத்தம்’ என்று எழுதியிருந்தோம். பாட்டி அதனைத் தம் இரத்த அழுத்தம் என்றே கொண்டாராம், குற்றம் அவருடையதன்று. மூன்றாவது சொல்தான் இன்னும் நம்மை வருத்துவது. தமிழ்நாட்டில் ஆக்சிசனேற்றம், இலங்கையில் ஒட்சியேற்றம், நம் பள்ளிகள் வளர்த்தது உயிர்வளி என்னும் சொல், அதன்வழி உயிர்வளியேற்றம். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் மலாய்ச் சொல் பெங்கொக்சிடாஆன், அதன்பின் ஆங்கிலம். மூன்று தமிழும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. நாம் எதையும் விலக்கச் சொல்லவில்லை. மூன்றும் ஒன்றே என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, பாடநூலின் ஓரத்தில் இருந்தால் போதும். யாழ்ப்பாணத்து நூலையும் சென்னை நூலையும் மெர்லிமாவ் மாணவன் அச்சமின்றித் திறப்பான்.

2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது தமிழ்ப்பள்ளிகளில் நின்றவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். 2009-இல் அக்கொள்கை மீட்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழி திரும்பியது. 2016 முதல் இருமொழித் திட்டம் என்னும் மற்றொரு வடிவம். அந்த அரசியலுக்குள் நாம் செல்லவில்லை. ஒன்றை மட்டும் கண்டிருக்கிறோம். அந்த ஆண்டுகளில் பயின்ற பிள்ளைகள் அறிவியல் அறியாதவர்கள் அல்லர். நம் மாணவி நன்றாகவே அறிந்தவள். தான் அறிந்ததைத் தன் வீட்டில் சொல்ல மட்டும் அவளுக்கு வழியில்லாதிருந்தது. தூது இருந்தது, கடத்தி இல்லை.

கடைசியாக, கடந்த மாதம் அந்தப் பெண் பாட்டியோடு நம் இல்லத்துக்கு வந்தாள். இங்கே கூறியவற்றில் பாதியை அவளே பாட்டிக்குச் சொன்னாள், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “புள்ளி போன ஏட்ட அப்புறம் என்ன செய்வாங்க?” என்றார். பழைய ஏட்டைப் படியெடுத்துவிட்டு, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது என்றோம். உயிரணுவிலும் ஏறத்தாழ அப்படியே என்றாள் மாணவி. குறி குறைந்த சில கடத்திகளை ஈஸ்ட் கண்டுபிடித்து விரைவில் சிதைத்துவிடும் என்பது 2006-இல் அறியப்பட்டது. நெருக்கடி மிகுந்தால் மனித உயிரணு நல்ல கடத்திகளையே எதிர்க்குறியத்தில் வெட்டி வாசிப்பை நிறுத்தி வைக்கும். பாட்டி சற்று நேரம் எண்ணினார். பால் நின்ற மரத்தைத் தாமும் ஆறு மாதம் சீவாமல் விட்டதுண்டு என்றும், சில மரம் திரும்பப் பால் கொடுத்தது, சில மரம் கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

இப்போது உங்கள் வினாக்களைக் கேட்க விரும்புகிறோம்.